வெறுமையாகத் தெரியும் குப்பி

கேள்வி: எங்கள் ஆய்வகத்துக்கு வந்த மனித இன்டர்லூகின்-10 குப்பி காலியாகவே தெரிகிறது. அழற்சியை அடக்கும் இப்புரதத்தை எஷெரிச்சியா கோலி பாக்டீரியாவில் தயாரித்ததாக எழுதியிருக்கிறார்கள். நம்பிப் பயன்படுத்தலாமா?
– முதுகலை மாணவி, பாளையங்கோட்டை

பதில்: நம்பலாம். சில மைக்ரோகிராம் அளவே உள்ள உறைஉலர்த்திய புரதம் கண்ணுக்குப் புலப்படாத படலமாக மூடியின் உட்புறத்திலும் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், திறக்குமுன் மையவிலக்கியில் சிறிது நேரம் சுழற்றுங்கள். 1989இல் கண்டறியப்பட்ட இம்மூலக்கூறு, 160 அமினோ அமிலங்கள் கொண்ட இரு சங்கிலிகள் இணைந்து செயல்படுவது. புரதத்தின்மேல் சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டும் பூச்சு இதற்குத் தேவைப்படாததால் பாக்டீரியாவில் தயாரித்தாலும் வேலை செய்யும்.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. பாக்டீரியாவின் சுவரிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்னும் நச்சு சிறிதளவு தங்கிவிட்டாலும், அதுவே மேக்ரோஃபேஜ்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டி, அழற்சியைக் கிளப்பும் டிஎன்எஃப் என்ற புரதத்தைச் சுரக்கவைத்துவிடும். அடக்கவந்த புரதமே அழற்சியைக் கிளப்பியதாக நீங்கள் தவறாக எழுதிவைப்பீர்கள். ஆகவே குப்பிக்குரிய தரச் சான்றிதழில் எண்டோடாக்சின் அளவை முதலில் பாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, புரதம் சேர்க்காத கட்டுப்பாட்டுக் கிண்ணமும் கட்டாயம் வேண்டும்.

கரைத்தபின் சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். உருக்கி உருக்கி உறையவைத்தால் வீரியம் குறையும். நம்மூர்ப் பங்குனி வெயிலில் மேசைமேல் விட்டுவிட்டுத் தேநீருக்குப் போய்விடாதீர்கள். மனிதப் புரதம் எலிச் செல்களிலும் வேலை செய்யும். எலிப் புரதமோ மனிதச் செல்களில் செய்யாது.