பழைய கம்ப்யூட்டர், புதிய தொல்லை: வாசகர் கேள்வி–பதில்

இந்த இதழில் எல்லாமே பழைய வட ஆற்காட்டுப் பக்கத்துக் கடிதங்கள். வாலாஜாவிலிருந்து வந்த கேள்விக்குப் பதில் நீண்டுவிட்டது, விஷயம் அப்படி.

கே: 2002 முதல் தட்டிய கிரயப் பத்திரங்கள், பாகப்பிரிவினைகள் எல்லாம் எக்ஸ்பி போட்ட பழைய கம்ப்யூட்டரில் கிடக்கின்றன. புது கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழைக் காணோம், ஆங்கிலக் கிறுக்கல்தான். போனது போனதுதானா?
— பத்திர எழுத்தர், வாலாஜாபேட்டை

ப: எதுவும் போகவில்லை. அந்தக் கோப்புகளில் தமிழ் எப்போதுமே இருந்ததில்லை, அவ்வளவுதான். அன்றைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. பாமினி என்ற எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் அந்த ஐந்தும் அப்படியே தெரிகின்றன. வானவில் எழுத்துருவுக்கு வேறு வரிசை, டாப், டிஸ்கி என்ற குறியீட்டு முறைகளுக்கு வேறு வரிசை. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடையும் தமிழுக்கென்றே வகுத்த டேஸ்-16-ஐயும் தமிழக அரசு 2010-ல்தான் தரமாக ஏற்றது. அதுவரை அவரவர் கடையில் எது இருந்ததோ அதுவே தமிழ்.

முதல் வேலை நகல். பழைய ஹார்ட் டிஸ்க் பட்டைக் கேபிள் போட்ட ஐடிஇ ரகமாக இருந்தால், யூஎஸ்பி–ஐடிஇ அடாப்டர் வாங்குங்கள். தனி 12 வோல்ட் சப்ளையோடு வருவதைப் பார்த்து வாங்க வேண்டும். யூஎஸ்பி துளையின் 5 வோல்ட் மட்டும் கொடுத்தால் டெஸ்க்டாப் டிஸ்க் சுற்றாது. டிஸ்க்கின் பின்பக்கம் உள்ள ஜம்பர் என்ற சிறு செருகி ‘மாஸ்டர்’ இடத்தில் இருக்கட்டும். ‘டக், டக்’ என்று சீராகத் தட்டும் சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள். இன்னொரு முறை போட்டுப் பார்ப்போம் என்கிற ஆசையில்தான் பல டிஸ்க்குகள் அடியோடு போகின்றன. ஃப்ளாப்பி என்றால், யூஎஸ்பி ட்ரைவ் படிப்பது மூன்றரை அங்குல 1.44 எம்பி வகையைத்தான். ஐந்தே கால் அங்குலத்துக்கு அது உதவாது.

அடுத்து, எந்த எழுத்துரு என்று கண்டுபிடிக்க வேண்டும். வேர்டில் கோப்பைத் திறந்து கிறுக்கலின் மேல் கர்சரை வையுங்கள். எழுத்துரு கம்ப்யூட்டரில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் மேலே உள்ள பெட்டியில் தெரியும். அந்தப் பெயருக்கு உரிய மாற்றியை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் தேர்ந்தெடுத்து, ஒரே ஒரு பத்திரத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். மொத்தமாகப் போட வேண்டாம்.

இங்கேதான் பத்திரக்காரர்கள் கவனிக்க வேண்டியவை. சர்வே எண் 45/2ஏ என்பதில் அந்த ‘ஏ’ ஆங்கில எழுத்து. அதையும் தமிழ் என்று நினைத்து அந்த இடத்தில் வேறொரு தமிழ் எழுத்தை கன்வெர்ட்டர் வைத்துவிடும். பான் எண்ணுக்கும் இதே கதி. அடுத்தது, பழைய தட்டச்சுப் பழக்கத்தில் ‘ர்’ அடிக்க வேண்டிய இடத்தில் துணைக்காலுக்கு மேல் புள்ளி வைத்திருப்பார்கள். தாளில் இரண்டும் ஒன்று போலத் தெரியும், யூனிகோடில் வேறு வேறு. விற்பவர் ‘குமார்’ என்று தேடினால் வராது, கோப்பில் இருப்பது கால் மேல் புள்ளி வைத்த ‘குமார்’. ‘கௌ’வில் வரும் சிறகுக்குப் பதில் ‘ள’ போட்டதும் இதே ரகம். மாற்றி முடிந்ததும் ‘கண்டுபிடி, மாற்று’ வசதியில் துணைக்காலையும் புள்ளியையும் சேர்த்துத் தேடி, எல்லாவற்றையும் ‘ர்’ ஆக்குங்கள்.

சர்வே எண், விஸ்தீரணம், நான்கெல்லை, கிரயத் தொகை: இந்த நான்கையும் அச்சிட்ட பத்திரத்தோடு வரி வரியாக ஒப்பிடாமல் எதையும் மாதிரியாக எடுத்துப் புதுப் பத்திரம் தயாரிக்காதீர்கள். பழைய கோப்பை அழிக்கவும் வேண்டாம். எழுத்துரு இருக்கும் எக்ஸ்பியிலேயே ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆக்கி வைத்தால் பார்ப்பதற்கு அது, திருத்துவதற்கு யூனிகோடு. அந்த எக்ஸ்பி இன்டர்நெட் பக்கமே போகக் கூடாது. அதற்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றது 2014 ஏப்ரலில்.

கே: என் அண்ணனுக்கு பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப். 2 ஜிபி ராம். ஆன் செய்தால் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். கடையில் ‘தூக்கிப் போடுங்க, விண்டோஸ் 10-ஏ முடிஞ்சு போச்சு’ என்கிறார்கள். சரியா?
— கல்லூரி மாணவி, சத்துவாச்சாரி

ப: கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. உங்கள் லேப்டாப்பில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அது இன்டெலில் எட்டாம் தலைமுறை பிராசசர் முதலும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. அதற்காகத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறதா பாருங்கள். அநேகமாக நிற்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 240 அல்லது 256 ஜிபி, தடிமன் 7 மில்லிமீட்டர், ஒன்று போடுங்கள். மற்ற எந்தச் செலவையும் விட இதில்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ராமை 4 ஜிபிக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். கடைக்குப் போகும்போது பழைய ராமைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். ஸ்டிக்கரில் பிசி3 என்றிருந்தால் 1.5 வோல்ட், பிசி3எல் என்றால் 1.35. எல் போட்டதைப் பொதுவாக 1.5 வோல்ட் ஸ்லாட்டிலும் போடலாம், ஆனால் 1.35 மட்டுமே தரும் ஸ்லாட்டில் எல் இல்லாததைப் போட்டால் திரையே வராது. டிடிஆர்4 வாங்கி வந்து அழுத்தாதீர்கள், அதன் வெட்டு வேறு இடத்தில் இருக்கிறது.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம், அதிலும் பழைய கம்ப்யூட்டர் தாங்கும் எக்ஸ்எஃப்சிஇ வகை. 8 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு எழுதி, எஃப்12 அழுத்தி (சிலவற்றில் எஃப்9) அதிலிருந்து பூட் செய்யுங்கள். இன்ஸ்டால் செய்யும் முன் வைஃபை, ஒலி, கேமரா மூன்றும் வேலை செய்கிறதா பாருங்கள். வைஃபை பிடிக்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம். செல்போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி ‘டெதரிங்’ போட்டு, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராட்காம் வகை சிப்புக்கான டிரைவரை அதுவே எடுத்துக்கொள்ளும். தமிழுக்கு ஐபஸ்-எம்17என் பொதியில் தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது.

டேலி படிக்கிறீர்கள் என்றால் இந்த வழி வேண்டாம், அந்தக் கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கென்று எழுதியது. வீட்டில் கேனான் எல்பிபி 2900 பிரின்டர் இருந்தாலும் யோசியுங்கள், லினக்ஸில் அதை ஓட்டுவது மல்லுக்கட்டு. டச்பேட் மேலே தூக்கி நின்றால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அழுத்தவோ குத்தவோ கூடாது, கழற்றிவிட்டு சார்ஜரிலேயே ஓட்டுங்கள்.

கே: ஜெராக்ஸ் கடை. ஏப்ரல், மே வந்தால் மதியம் ஒரு மணிக்கு மேல் கம்ப்யூட்டர் தானாக ஆஃப் ஆகிறது. யூபிஎஸ்ஸும் சில நேரம் ‘கீ’ என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது.
— ஆற்காடு

ப: இரண்டும் வெவ்வேறு நோய். கம்ப்யூட்டர் அணைந்த உடனே மறுபடி ஆன் செய்து, விண்டோஸ் வரும் முன் திறக்கும் பயாஸ் திரையில் பிராசசர் வெப்பநிலையைப் பாருங்கள். 85, 90 என்று காட்டினால் காற்றோட்டம் கோளாறு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, அதிலும் மேசை அறைக்குள் கேபினட்டைத் தள்ளி வைத்திருந்தால் அது பாவம் என்ன செய்யும்?

வெளியே எடுத்து, கேபினட்டைத் திறந்து, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயர் அடியுங்கள். பிடிக்காமல் அடித்தால் அது தறிகெட்டுச் சுற்றி பேரிங் போகும். ஜெராக்ஸ் கடைத் தூசியில் டோனர் மாவும் கலந்திருப்பதால் ஹீட் சிங்க் இடுக்கில் கெட்டியாக அப்பியிருக்கும். ஹீட் சிங்கைக் கழற்றி, காய்ந்து போன பழைய பேஸ்ட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் நடுவில் வையுங்கள். அதிகம் தடவினால் சூடு கடத்துவது அதிகரிக்காது, குறையும். திரும்ப மாட்டும்போது நான்கு காலும் ‘க்ளிக்’ என்று பூட்டியதா என மதர்போர்டின் பின்பக்கம் பாருங்கள். சர்வீஸ் செய்த பிறகு முன்னைவிட மோசமாகச் சூடானால், ஒரு கால் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

வெப்பநிலை 60-க்குள் இருந்தும் அணைகிறதென்றால் கோளாறு எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது கேபினட்டுக்குள் மின்சாரம் தரும் பெட்டியில். அதைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் நிற்கும். புதிதாக மாற்றுங்கள்.

யூபிஎஸ் கத்துவது பிரின்ட் கொடுக்கும் நேரத்திலா? அப்படியானால் லேசர் பிரின்டரை யூபிஎஸ்ஸின் பேட்டரி சாக்கெட்டில் மாட்டியிருக்கிறீர்கள். தாளைச் சூடாக்கும் ரோலர் இழுக்கும் கரண்டை 600 விஏ யூபிஎஸ் தாங்காது. நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள். உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஏஹெச் பேட்டரிக்கு வெயில் ஆகாது, சுமார் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி. முழுதாக சார்ஜ் ஏற்றி, கழற்றி, சில மணி நேரம் விட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6-க்கு மேல் என்றால் நல்லது, 12-க்குக் கீழே என்றால் மாற்றுங்கள். நம் ஊர் வெயிலில் இரண்டு கோடை தாண்டினாலே லாபம்.

கே: அம்மா முப்பது வருடமாக பீடி சுற்றுகிறார். ரேஷன் கடையில் கைரேகை விழுவதில்லை. நாலைந்து முறை வைக்கச் சொல்லிவிட்டு ‘அப்புறம் வாம்மா’ என்கிறார்கள். என்ன வழி?
— குடியாத்தம்

ப: இலை வெட்டி, தூள் போட்டு உருட்டும் வேலையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ரேகை தேய்ந்துவிடும். கடையில் முதலில் வைக்கச் சொல்வதும் அதே விரல்களைத்தான். மோதிர விரலையும் சுண்டு விரலையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அவை அவ்வளவாகத் தேய்வதில்லை. முந்தின இரவு கையில் தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுப் போகட்டும். கடை வாசலில் எண்ணெய் தடவ வேண்டாம், கண்ணாடியில் படிந்து அடுத்தவருக்கும் விழாது. விரல் நுனியைக் குத்தாமல், முதல் கணு வரை படுக்க வைத்து அழுத்த வேண்டும்.

அப்படியும் விழாவிட்டால் ஆதார் மையத்தில் பயோமெட்ரிக் அப்டேட் செய்யுங்கள், பத்து விரலும் இரு கண்ணும் புதிதாகப் பதிவார்கள். கண் கருவி உள்ள கடையில் அதைக் கேளுங்கள். ஆதார் ஆப்பில் யாராவது பயோமெட்ரிக்கைப் பூட்டி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், பூட்டியிருந்தால் எந்த விரலும் விழாது. கார்டில் பெயர் உள்ள வேறு யார் போனாலும் வாங்கலாம். திருப்பி அனுப்பினால் ரேஷன் புகார் எண் 1967-க்குப் போன் செய்து சொல்லலாம். உழைத்துத் தேய்ந்த விரலை மெஷின் ஏற்கவில்லை என்றால் குறை மெஷினுடையது. ‘அப்புறம் வா’ என்று அலைக்கழிக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

கே: மகளை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்க்கலாமா, அது செத்துப் போன கலையா?
— ஆரணி

ப: அரசுத் தட்டச்சர் வேலை குறி என்றால் சேருங்கள். அதற்கு அரசு தொழில்நுட்பத் தேர்வில் தட்டச்சுத் தேர்ச்சி கேட்கிறார்கள். அந்த ஆசை இல்லை, கம்ப்யூட்டரில் தமிழ் அடித்தால் போதும் என்றால் தமிழ்99 போதும். விண்டோஸ் 10-ல் 2019 மே அப்டேட்டிலிருந்து அது உள்ளேயே இருக்கிறது. ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ‘மமதை’ போன்ற சொல்லில் புள்ளி வேண்டாம் என்றால் முதல் ‘ம’வுக்குப் பின் ‘அ’ ஒரு தட்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் பழக்காதீர்கள். தட்டச்சில் கொம்பை முதலில் அடித்துப் பழகிய விரல், மெய்யை முதலில் அடிக்கச் சொன்னால் தடுமாறும்.

கே: குண்டு மானிட்டரும் பழைய சிபியூவும் இருக்கின்றன. காயலான் கடைக்குப் போடலாமா?
— பேர்ணாம்பட்டு

ப: மானிட்டரை வேண்டாம். அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. செம்புக்காக உடைத்து, வயரைக் கொளுத்துவார்கள். அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடமே கொடுங்கள். சிபியூவிலிருந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி, ‘க்விக் ஃபார்மட்’ டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் போடுங்கள். க்விக் என்பது பட்டியலை மட்டும் அழிக்கும், படமும் பாஸ்புக்கும் உள்ளேயே இருக்கும்.

கே: வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் கீரைக் கட்டு விற்கும் அம்மாகூட கியூஆர் அட்டை வைத்திருக்கிறார். படிக்கத் தெரியாதவர் ஏமாறாமல் இருக்க என்ன சொல்லித் தரலாம்?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், காட்பாடி

ப: ரெண்டே விஷயம் போதும். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை, கேட்டால் அவன் திருடன். ‘போட்டுட்டேம்மா’ என்று வாடிக்கையாளர் நீட்டும் போனைப் பார்க்கக் கூடாது, தன் ஸ்பீக்கர் பெட்டி சொல்ல வேண்டும். ஏமாந்துவிட்டால் அன்றே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன். அட்டையின் மேல் ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஸ்டிக்கர் ஒட்டும் வேலையும் நடக்கிறது. காலையில் கடை விரித்ததும் பக்கத்துக் கடைக்காரரை ஒரு ரூபாய் போடச் சொல்லி, பெட்டி பேசிய பிறகு முதல் கட்டை விற்கலாம்.