நர்ஸ் அக்கா பதில்கள்: மாமனாரின் மறதிக்கு எந்த டாக்டர்?

கேள்வி: அக்கா, என் மாமனாருக்கு 69 வயது. இளவயசிலிருந்து வல்லத்தில் (நாட்டுப் படகில்) கடலுக்குப் போனவர். இப்போது வலை தைக்க உட்கார்ந்தால் முடிச்சு பாதியில் நிற்கிறது. சாப்பிட்டதை மறந்து திரும்பவும் சோறு கேட்கிறார். பக்கத்து டாக்டர் "வயசானா அப்படித்தான்" என்று சத்து மாத்திரை தந்தார். சொந்தக்காரர்கள் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார்கள். யாரிடம் காட்டுவது?
- வாசகி, பாம்பன்

பதில்: தங்கச்சி, கை பழகிய முடிச்சே மறந்துபோவதை வயசு என்று விட்டுவிடக் கூடாது. ஏர்வாடிக்குப் போய் வேண்டிக்கொள்ளுங்கள், அது உங்கள் நம்பிக்கை. ஆனால் அதற்காக வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

நரம்பியல் டாக்டர்தான் இதைப் பார்ப்பார். மனநல டாக்டரும் முதியோர் நல டாக்டரும் பார்க்கலாம். எடுத்தவுடன் மதுரைக்கு ஓட வேண்டாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவரிடம் காட்டி, சர்க்கரை, தைராய்டு, பி12, சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றில் கோளாறு இருந்தாலும் மறதி வரும், மருந்தில் தேறவும் வாய்ப்புண்டு. மனச்சோர்வும் அப்படித்தான். வல்லத்தில் வழுக்கித் தலையில் அடிபட்டிருந்தால், சின்ன அடியானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். மண்டைக்குள் மெல்ல ரத்தம் கசிந்து, சில வாரம் கழித்துக் குழப்பம் காட்டலாம். ஸ்கேனில் தெரிந்துவிடும். அப்புறம் கடிதம் வாங்கிக்கொண்டு மதுரை ராஜாஜி மருத்துவமனை நரம்பியல் பிரிவுக்குப் போகலாம்.

வார்டில் நின்ற காலத்தில் நான் கண்டது இது: நல்ல டாக்டர் வீட்டு ஆளையும் தனியாக உட்காரவைத்துக் கேட்பார். எப்போது ஆரம்பித்தது, மெல்லக் கூடியதா, திடீரென்று வந்ததா? இதையெல்லாம் எழுதிக்கொண்டு போங்கள். ஞாபகத்தைச் சோதிக்க 30 மதிப்பெண்ணுக்குக் கேள்வி கேட்பார்கள். கடிகாரம் வரையச் சொல்வார்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். பள்ளிக்கூடம் போகாதவர் இதில் தடுமாறுவது இயல்பு. மாமனார் படிக்காதவர் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாடைக் காற்று எந்த மாசம் அடிக்கும், கச்சான் காற்று எப்போது, மீன் காசில் பங்கு எப்படிப் பிரிப்பது என்று அவர் அறிந்ததைக் கேட்டால்தான் எங்கே பிசகுகிறது என்று புரியும். டாக்டர் வெளியூர்க்காரர் என்றால் நீங்களே எடுத்துக்கொடுங்கள்.

அவர் போடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். தூக்க மாத்திரையும், கடையில் வாங்கிய சளி மாத்திரையும்கூட. சிலது மறதியைக் கூட்டும்.

ஒன்றிரண்டு நாளிலேயே ஆள் அடியோடு மாறி, காய்ச்சலோ நீர்க்கடுப்போ கூட இருந்தால் எந்த டாக்டர் என்று தேடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.