ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையா?

கேள்வி: நான் அத்தை மகனை மணந்தவள். எங்கள் ஆறு வயது மகனுக்குத் தலசீமியா மேஜர் என்ற, உடலில் போதிய ரத்தம் ஊறாத பரம்பரை நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை நாகர்கோவிலுக்கு அழைத்துச் சென்று ரத்தம் ஏற்றுகிறோம். சோதனைக் குழாய் முறையில் கருக்களை உருவாக்கி, நோய் இல்லாததும் மகனுக்குப் பொருந்துவதுமான கருவைத் தேர்ந்தெடுத்துக் குழந்தை பெற்றால், அதன் எலும்பு மஜ்ஜையால் இவனைக் குணப்படுத்தலாம் என்கிறார் மருத்துவர். "கடவுள் வேலையில் கை வைக்காதே" என்கிறார் அத்தை. வரன் பார்த்துக்கொண்டிருக்கும் நாத்தனாரோ, "ஒரு பிள்ளைக்கு மருந்தாக இன்னொன்றைப் பெறுவீர்களா?" என்று கேட்கிறாள். நாங்கள் என்ன செய்வது?
— வாசகி, தக்கலை

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் அத்தையின் அச்சம் மதிக்கத்தக்கது. ஆனால் பேரனுக்கு ஏற்றும் ரத்தமும், அதனால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்றத் தரும் மாத்திரையும்கூட மனித அறிவு தந்தவையே என்பதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். மேலும், உங்களுக்குச் சொல்லப்பட்டது மரபணுவைத் திருத்தும் வேலை அன்று. 2018இல் சீனாவில் ஹெ ஜியான்குய் என்ற ஆய்வாளர் கருவின் மரபணுவையே திருத்தி இரட்டைக் குழந்தைகளைப் பிறக்கச் செய்தார். அவர்களுடைய சந்ததிக்கும் தொடரக்கூடிய அந்த மாற்றத்துக்காக உலகெங்கும் கண்டிக்கப்பட்டு, மறு ஆண்டின் இறுதியில் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். நீங்கள் செய்யப்போவது, எதையும் மாற்றாமல், உருவான கருக்களில் ஒன்றைத் தெரிந்தெடுப்பது மட்டுமே. கருவின் பாலினத் தேர்வைத் தடைசெய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், தலசீமியா போன்ற ரத்த நோய்களைக் கண்டறிவதற்காகப் பதிவு பெற்ற மையங்களில் கருவைச் சோதிப்பதை அனுமதிக்கிறது. ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் மட்டும் அங்கேயும் குற்றம்.

நாத்தனாரின் கேள்விதான் கடினமானது. அதற்குக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் இருவரும் நோயைச் சுமப்பவர்கள், அதாவது நோய் இல்லாமலே பழுதான மரபணு ஒன்றைக் கொண்டவர்கள் என்பதால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அண்ணனுக்கு முழுமையாகப் பொருந்தவும் நான்கில் ஒரு வாய்ப்பே. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பதினாறு கருக்களில் சராசரியாக மூன்றுதான் தேறும். ஒரு சுற்றில் கிடைக்கும் சில கருக்களில் அப்படி ஒன்றுகூட இல்லாமல் போகலாம். அப்போது, நோயற்றதாக இருந்தும் அண்ணனுக்குப் பொருந்தாத கருவை என்ன செய்வீர்கள்? அதில் எந்தக் குறையும் இல்லை. இன்னொருவருக்கு உதவாது என்பதற்காகவே அது ஒதுக்கப்படும். அந்தக் கருவையும் உங்கள் பிள்ளையாகச் சுமந்து பெற்று வளர்க்க மனம் இருக்கிறதா என்பதே என் கேள்வி. இருந்தால், நீங்கள் விரும்புவது ஒரு குழந்தையை; தயங்காமல் செல்லுங்கள். இல்லையென்றால், இந்த வழியில் போகாதீர்கள் என்றே சொல்வேன். சிகிச்சை தோற்றாலும் அக்குழந்தைமீது வருத்தத்தின் நிழல்கூட விழக்கூடாது. கருமுட்டை எடுப்பதற்கு முன்பே இதைக் கணவரோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிறக்கும் குழந்தையின் உடலுக்கும் எல்லை வகுக்கப்பட வேண்டும். தொப்புள்கொடி ரத்தமே போதுமானால் குழந்தைக்கு வலியே இல்லை. போதாதபோது மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுப்பார்கள். அது சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். அகமதாபாத்தில் இவ்வாறு 2018இல் பிறந்த தங்கை, போதிய எடை கூடும் வரை காத்திருந்த பிறகே 2020இல் அண்ணனுக்கு மஜ்ஜை தந்தாள். உங்கள் மகனைப் பார்க்கும் மருத்துவரே கைக்குழந்தைக்காகவும் முடிவெடுப்பது முறையன்று. அதன் நலனை மட்டும் பார்க்க வேறொரு குழந்தை மருத்துவரை வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு செய்ய வேண்டிய ஒன்று உண்டு. சொந்தத்தில் மணந்த குடும்பங்களில் பெரியப்பா, சித்தி பிள்ளைகளுக்குள்ளும் பொருத்தம் அமையும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதால், நெருங்கிய உறவினர்களுக்குப் பொருத்தம் பாருங்கள். மஜ்ஜை தர முன்வந்தவர்களின் பட்டியலாகச் சென்னையில் இயங்கும் தாத்ரி கொடையாளர் பதிவேட்டிலும் தேடச் சொல்லுங்கள். கல்லீரலில் இரும்பு படிந்து கெடும் முன் மஜ்ஜை மாற்றுவதே நல்லது என்பதால் காலம் தாழ்த்தாதீர்கள். கோல் இந்தியா நிறுவனத்தின் திட்டம் 2017 முதல் இச்சிகிச்சைக்கு 10 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அதைப் பற்றி விசாரிக்கலாம்.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றே என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. இந்தப் பழுதான மரபணு பெரும்பாலும் உங்கள் தந்தையும் அத்தையும் தங்கள் பெற்றோரிடமிருந்து பெற்றதாகவே இருக்கும். நம் ஊரில் பழி எப்போதும் மருமகள் தலையில்தான் விழுகிறது; இதில் யாருக்கும் பழியில்லை என்பதை வீட்டில் உரக்கச் சொல்லுங்கள். உங்கள் கணவர் நோயைச் சுமப்பவர் என்றால், அவருடைய தங்கையும் சுமப்பதற்குக் குறைந்தது இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. வரன் தவறிவிடும் என்று இதை மறைப்பதுதான் ஆபத்து. சுமப்பவர் ஒருவர், சுமக்காத ஒருவரை மணந்தால் அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தலசீமியா மேஜர் வராது. ஹெச்.பி.எல்.சி. என்ற ரத்தப் பரிசோதனையிலேயே பெரும்பாலும் இது தெரிந்துவிடும். நாத்தனாருக்கு அதை இந்த மாதமே எடுங்கள். அவளும் சுமப்பவள் என்று தெரிந்தால், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே மாப்பிள்ளைக்கும் எடுக்கச் சொல்லுங்கள்.