அளவீட்டுக் கருவியின் பின்பலகையை நம்பி ஒரு பணிவாழ்வு அமையுமா?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

மின்னணுப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகன், சோதனைக் கருவிகளைக் கணினி வழியாக இயக்கும் இடைமுகச் சுற்றுகளில்தான் தனக்கு நாட்டம் என்று உறுதியாக நிற்கிறார். உடன் படிப்பவர்கள் எல்லாரும் மென்பொருள் பக்கம் போகும்போது இவர் மட்டும் பழைய கருவிகளின் பின்பலகையைக் கழற்றிக்கொண்டிருக்கிறாரே என்று தாங்கள் கவலைப்படுகிறீர்கள். இத்துறையில் வேலை உண்டா, உண்டென்றால் நிலைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். வேலை உண்டு, சுற்றையும் அளவீட்டையும் சேர்த்துக் கற்றவருக்கு அது நிலைக்கவும் செய்யும். கருவிக்குக் கட்டளை அனுப்ப மட்டுமே கற்றவருக்கு அந்த உறுதியை என்னால் தர இயலாது.

மின்னழுத்தமும் மின்னோட்டமும் அளக்கும் ஒரு மல்டிமீட்டரையோ, மின் அலைவடிவைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பையோ ஆய்வகத்தில் ஒருவர் கையால் திருகி இயக்கலாம். உற்பத்திக் கூடத்தில் ஒவ்வொரு சுற்றுப்பலகையையும் பலநூறு அளவீடுகளுக்கு உட்படுத்த வேண்டியிருப்பதால், அங்கே கருவிகளைக் கணினியே இயக்குகிறது. அந்தக் கட்டளைகள் நுழையும் கனெக்டரும் அதன் பின்னால் உள்ள சுற்றுமே தங்கள் மகன் குறிப்பிடும் துறை. ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனம் தன் கருவிகளுக்காக உருவாக்கிய இணைப்பு முறை 1975இல் ஐஇஇஇ-488 என்ற தரநிலையாயிற்று. ஜிபிஐபி என்று பொறியாளர்கள் அழைப்பது இதைத்தான். 24 முனைகள் கொண்ட அதன் கனெக்டரில் எட்டுக் கம்பிகள் தரவுக்கும், மூன்று கைகுலுக்கலுக்கும் (தரவை அனுப்பலாமா, வந்து சேர்ந்ததா என்று கருவிகள் ஒன்றுக்கொன்று தெரிவிப்பது), ஐந்து மேலாண்மைக்கும் உரியவை. மீதமுள்ளவை எர்த்தும் கவசமும். பின்னர் 1987இல் கருவிகளுக்கான பொதுக் கட்டளைகளை வகுத்த 488.2 தரநிலையும், 1990இல் எஸ்சிபிஐ என்ற கட்டளை மொழியும், 2005இல் ஈதர்நெட் வழி இயங்கும் எல்எக்ஸ்ஐ தரநிலையும் வந்தன.

இந்த ஆண்டுகளைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘நீ யார்’ என்று கருவியைக் கேட்கும் *ஐடிஎன்? கட்டளையை அனுப்பினால், தயாரிப்பாளர் பெயர், மாதிரி எண், வரிசை எண், ஃபர்ம்வேர் (கருவிக்குள் பதிந்த மென்பொருள்) பதிப்பு ஆகிய நான்கையும் காற்புள்ளியிட்டுக் கருவி சொல்ல வேண்டும் என்பது 488.2 வகுத்த விதி. இன்று யுஎஸ்பியிலும் ஈதர்நெட்டிலும் இணையும் கருவிகளும் அதே கேள்விக்கு அதே முறையில் விடை சொல்கின்றன. ஒரு சோதனை அமைப்பை நிறுவி, அதன் அளவீடுகளுக்கு ஒப்புதல் பெற்றுவிட்ட நிறுவனம் அதை எளிதில் மாற்றுவதில்லை. வான்வெளி, பாதுகாப்புத் துறைகளில் அது பல பத்தாண்டுகள்கூட ஓடுகிறது. ஆகவே பழைய இடைமுகத்தைப் புதிய கணினியோடு பேசவைக்கத் தெரிந்தவரின் தேவை, மற்றத் துறைகளைப்போல ஐந்தாண்டுக்கொரு முறை புரண்டுவிடுவதில்லை.

சுற்றைக் கற்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது ஏன் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். பல பவர் சப்ளைகளின் பின்புறத்தில், வெளியிலிருந்து 0 முதல் 10 வோல்ட் கொடுத்தால் அதற்கேற்ப வெளியீட்டு மின்னழுத்தம் மாறும் வகையில் ஓர் அனலாக் உள்ளீடு இருக்கும். அந்த உள்ளீட்டின் பொதுமுனை பெரும்பாலும் வெளியீட்டின் எதிர்முனையோடு உள்ளேயே இணைக்கப்பட்டிருக்கும். இரண்டு சப்ளைகளைத் தொடராக இணைத்து, கீழே உள்ளதன் எதிர்முனையை எர்த் செய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ளது 30 வோல்ட் தந்தால், மேலே உள்ளதன் எதிர்முனை எர்த்திலிருந்து 30 வோல்ட் உயரத்தில் நிற்கும். இப்போது கணினியில் பொருத்திய, எர்த்தோடு இணைந்த கட்டுப்பாட்டு அட்டையிலிருந்து ஒரு கம்பியை மேல் சப்ளையின் பொதுமுனையில் கொடுத்தால், கீழ் சப்ளை முழுவதும் அந்த மெல்லிய கம்பி வழியே குறுக்குச்சுற்றாகிவிடும். நிரலில் ஒரு பிழையும் இராது. அட்டை மட்டும் கருகியிருக்கும். மென்பொருள் மட்டும் அறிந்தவர் இந்த இடத்தில் நிரலைத்தான் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருப்பார்.

இதற்குத் தீர்வு மின்தனிமைப்படுத்தல். நல்ல மல்டிமீட்டருக்குள் அளவிடும் பகுதி எர்த்தோடு தொடர்பின்றி மிதந்துகொண்டிருக்கும். கணினியோடு பேசும் பகுதி எர்த்தைச் சார்ந்திருக்கும். இரண்டுக்கும் இடையே, ஒளி வழியே சைகையைக் கடத்தும் ஆப்டோகப்ளரோ மின்மாற்றியோ பாலமாக நிற்கும். இந்தப் பாலத்தைத் தேர்வதிலும் நுட்பம் உண்டு. போட்டோடிரான்சிஸ்டர் வகை ஆப்டோகப்ளர் நிலை மாறுவதற்கே பத்து மைக்ரோ நொடி அளவில் எடுத்துக்கொள்ளக்கூடியது. 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் ஒரு பிட் ஏறத்தாழ 104 மைக்ரோ நொடி நீள்வதால் அங்கே அது குறையின்றி வேலை செய்யும். அதே சுற்றை 115200 பாட் வேகத்துக்கு ஏற்றினால் ஒரு பிட்டின் நீளமே 8.7 மைக்ரோ நொடிதான். வந்து சேர்வதெல்லாம் குப்பையாக இருக்கும். 6என்137 போன்ற விரைவு வகையை அங்கே பொருத்த வேண்டும்.

தங்கள் மகனுக்கு இந்தத் துறை பொருந்துமா என்று அறிய நான் பரிந்துரைக்கும் பயிற்சியும் இதை ஒட்டியதே. ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினியான மைக்ரோகன்ட்ரோலரைக் கொண்டு எளிய மின்னழுத்த அளவியை அவரே உருவாக்கட்டும், அது *ஐடிஎன்? கேள்விக்கு முறைப்படி விடை சொல்லட்டும். தவறான கட்டளை வந்தால் உறைந்து நிற்காமல் பிழையைப் பதிவு செய்து அடுத்த கட்டளைக்குத் தயாராகட்டும். பிறகு தனிமைப்படுத்தலோடும் அது இல்லாமலும் ஒரே மின்னழுத்தத்தைப் பலமுறை அளந்து, கணினி இணைப்பு அளவீட்டில் எவ்வளவு இரைச்சலைக் கூட்டுகிறது என்று குறித்துவைக்கட்டும். அந்த எண்களின் வேறுபாட்டைப் பார்த்துக் காரணம் தேடும் ஆர்வம் அவருக்குப் பிறந்தால், என்னைக் கேட்காமலே தாங்கள் நிம்மதியாக இருக்கலாம். கருவி விடை சொன்னதே போதும் என்று எழுந்துவிட்டால், அவருக்குச் சோதனைத் தானியக்க மென்பொருள் ஏற்ற வழியாக இருக்கலாம். அதுவும் மதிப்புள்ள வேலையே.

ஜிபிஐபியை இன்று கற்பது வீண் என்று சிலர் அவரிடம் சொல்லக்கூடும். நான் அப்படிக் கருதவில்லை. அதன் மூன்று கைகுலுக்கல் கம்பிகளை ஆசிலாஸ்கோப்பில் ஒருமுறை பார்த்தவருக்கு, கேட்கும் கருவிகள் அனைத்தும் தயார் என்று சொல்லும்வரை பேசும் கருவி ஏன் காத்திருக்கிறது, அதனால் மிக மெதுவான கருவியே ஏன் எல்லாரின் வேகத்தையும் முடிவு செய்கிறது என்பது கண்ணால் கண்ட பாடமாக நின்றுவிடும். ஈதர்நெட்டில் இதே காத்திருப்பு மென்பொருள் அடுக்குகளுக்குள் மறைந்துவிடுவதால், அங்கே தொடங்கும் மாணவருக்கு இது பிடிபட நாளாகிறது. மற்றபடி பைத்தானில் கருவிகளை இயக்க உதவும் பைவிசா நூலகம், சி மொழி, சுற்றுப்பலகை வரைதல் ஆகியவற்றைக் கல்லூரிக் காலத்திலேயே கற்றுவிடலாம். அவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

வேலை தரும் இடங்கள் சில வகைப்படும். கீசைட், டெக்ட்ரானிக்ஸ், ரோடே அண்ட் ஷ்வார்ஸ் போன்ற கருவித் தயாரிப்பாளர்கள் எண்ணிக்கையில் குறைவு. அவர்களிடம் வடிவமைப்புப் பணிக்கு நுழைவது கடினம் என்பதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை. கருவிகளின் துல்லியத்தைச் சரிபார்க்கும் அளவுத்திருத்த ஆய்வகங்களும், சிப் தயாரிப்பிலும் வாகன மின்னணுவியலிலும் உள்ள சோதனைப் பிரிவுகளும், ஆராய்ச்சிக் கூடங்களும் கூடுதலான வாய்ப்பைத் தருகின்றன. தாங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடமும் இதுதான். சோதனைப் பொறியாளர் என்ற ஒரே பதவிப் பெயரில் இரு வேறு வேலைகள் உள்ளன. ஒன்றில் சோதனை அமைப்பை வடிவமைப்பார்கள். மற்றொன்றில், பிறர் எழுதிய நிரலைத் தொடங்கிவிட்டுப் பச்சை விளக்கா சிவப்பு விளக்கா என்று பார்த்துக் குறிப்பார்கள். முதல் ஆண்டு இரண்டாவதில் இருப்பது தவறில்லை; அடிப்படை பழகும். அதிலேயே சில ஆண்டுகள் கழிந்தால் வெளியேறுவது கடினம்.

ஆகவே நேர்காணலில், இறுதியில் கேள்வி கேட்கும் வாய்ப்பு கிடைக்கும்போது, அங்கே சோதனை அமைப்புக்கான இணைப்புப் பலகைகளை யார் வடிவமைக்கிறார்கள், ஓர் அளவீடு ஐயத்துக்குரியதாக வந்தால் அதன் காரணத்தைக் கண்டறியும் பொறுப்பு யாருடையது என்ற இரண்டையும் அவர் பணிவோடு கேட்கட்டும். இரண்டுமே வேறு பிரிவின் வேலை என்று விடை வந்தால், சம்பளம் கூடுதலாக இருந்தாலும் அடுத்த வாய்ப்புக்குக் காத்திருக்கும்படி அவருக்குச் சொல்லுங்கள்.