வாசகர் கேள்வி – பதில்: கையால் வண்ணமிட்ட பூச்சிப் படங்கள்

கேள்வி: மறைந்த என் மாமனாரின் பொருள்களில் கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு படம் கிடைத்தது. கொய்யாக் கிளையில் பெரிய சிலந்தி ஒன்று சிறு பறவையைப் பிடித்துத் தின்கிறது, எறும்புகளும் இருக்கின்றன. கையால் வண்ணம் தீட்டிய, 300 ஆண்டுப் பழைய படம் என்று அவர் சொல்வதுண்டு. அது உண்மையா என எப்படி அறிவது? (வாசகி, ஈசூன்)

பதில்: நீங்கள் விவரிப்பது மரியா சிபில்லா மெரியான் வரைந்த படம். ஜெர்மனியில் பிறந்த அவர், 1699-இல் தம் இளைய மகளுடன் தென்னமெரிக்காவின் சுரினாமுக்குச் சென்று, புழுக்களை வளர்த்து அவை வண்ணத்துப்பூச்சியாக மாறும்வரை கவனித்து வரைந்தவற்றை, 1705-இல் ஆம்ஸ்டர்டாமில் 60 செப்புத்தகட்டுப் படங்கள் கொண்ட நூலாக வெளியிட்டார். தகட்டில் செதுக்கித் தாளில் அச்சிட்ட கோட்டுப் படத்தின்மீதுதான் கையால் வண்ணம் தீட்டுவார்கள். அந்நூல் அவரது மறைவுக்குப் பின்னரும் மறுபதிப்பு கண்டது. சுவரில் மாட்டும் நகல்களோ இன்றும் ஏராளம்.

படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸின்கீழ் சிலந்தியின் காலைப் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் சிறு புள்ளிகள் தெரிந்தால் அது இயந்திர அச்சு. மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை. கையால் தீட்டியதென்றால் புள்ளிகள் இரா. வண்ணம் சில இடங்களில் கோட்டைத் தாண்டியிருக்கும், நீர் தேங்கிக் காய்ந்த ஓரம் சற்று அடர்ந்திருக்கும், பிசின் கலந்து தீட்டிய பகுதி சாய்த்துப் பிடித்தால் மின்னும். படத்தைச் சுற்றி, செப்புத்தகடு அழுத்திய பள்ளமும் விரலுக்குத் தட்டுப்படும். ஆனால் மெரியானைப் பொறுத்தவரை பள்ளம் இல்லையென்பதால் மட்டும் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மை காயாத அச்சின்மீது வேறொரு தாளை வைத்து அழுத்தி எடுத்த பிரதிகளும் அவருடைய நூலில் உண்டு. அவற்றில் படம் இடம் வலமாக மாறியும், கோடுகள் மென்மையாகவும் இருக்கும், தகட்டின் தடம் இராது.

கையால் தீட்டியது என்று உறுதியானாலும், எப்போது தீட்டியது என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. விற்பவர்கள் பெரும்பாலும் பேசாத விஷயம் இதுதான். அக்காலத்தில் இத்தகைய நூல்கள் வண்ணமின்றியும் விற்கப்பட்டன. அந்தக் கறுப்பு வெள்ளைத் தாள்களுக்குப் பிற்காலத்தில் வண்ணம் பூசி விலையேற்றுவது நெடுநாள் வழக்கம். பழைய தாளில், ஈரம் ஊறாமல் தடுக்கும் பசைப்பூச்சு நலிந்திருப்பதால், புதிதாகப் பூசிய வண்ணம் இழைகளுக்குள் பரவி, பின்பக்கம் வரை ஊறித் தெரியலாம்.

கேள்வி: நான் வாங்கிய பழைய பூச்சிப் படத்தில், பச்சை இலைகளின் பின்பக்கம் மட்டும் தாள் பழுப்பேறியிருக்கிறது. வெள்ளைச் சிறகுகளும் கறுத்துள்ளன. கழுவலாமா? (வாசகர், தோ பாயோ)

பதில்: கழுவவே கூடாது; நீர்வண்ணம் கரைந்துவிடும். பச்சையில் இருந்த செம்புப் பொருள் தாளை மெல்ல அரிக்கிறது. வெள்ளை வண்ணமாகப் பூசிய வெள்ளை ஈயமோ காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வினைபுரிந்து கறுக்கிறது. அதைப் பூச்சியின் இயல்பான புள்ளி என்று நினைத்துவிடுவோரும் உண்டு. இரண்டுமே பழைய வண்ணத்துக்கு ஓரளவு சான்று என்பதால், அந்தக் கறைகளைக் கண்டு நான் மகிழ்வேன்.

நம் சிங்கப்பூரின் ஈரப்பதம் அரிப்பை விரைவுபடுத்தும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், இரவில் மட்டும் குளிரூட்டியைப் போட்டுக் காலையில் அணைக்கும் அறை இதற்கு உகந்ததன்று. ஈரம் ஏறி இறங்குவதில் தாள் விரிந்து சுருங்கும். கேமராக்களுக்கென விற்கும் ஈரம் நீக்கும் பெட்டியில், ஈரப்பதத்தை 50 விழுக்காட்டை ஒட்டி வைத்து, அமிலமற்ற தாளுக்கிடையே படுக்கையாக வையுங்கள்.

கேள்வி: நம் வட்டாரப் பூச்சிகள் இடம்பெற்ற இத்தகைய நூல்கள் உண்டா? எங்கே பார்க்கலாம்? (வாசகர், பீஷான்)

பதில்: உண்டு. எட்வர்ட் டோனோவன் 1798-இல் சீனாவின் பூச்சிகளையும், 1800-இல் இந்தியாவின் பூச்சிகளையும் பற்றி லண்டனில் வெளியிடத் தொடங்கிய நூல்கள் கண்ணைப் பறிப்பவை. ஆனால் அவர் அந்நாடுகளுக்குச் சென்றதில்லை; பிறர் கொண்டுவந்த காய்ந்த பூச்சிகளைப் பார்த்தே வரைந்தார். ஜான் வெஸ்ட்வுட் 1848-இல் வெளியிட்ட கீழைநாட்டுப் பூச்சிகள் பற்றிய நூலில் 42 வண்ணப் படங்கள் இருக்கின்றன. இவற்றில் பலவற்றை, உயிரினப் பன்மை மரபு நூலகம் (Biodiversity Heritage Library) இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்துள்ளது. ஒரே நூலின் இரு வெவ்வேறு நூலகப் பிரதிகள் கிடைத்தால், ஒரே பூச்சியை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் நீலமாக உள்ள சிறகு மற்றொன்றில் ஊதாவாக இருந்தால், இரண்டையும் தீட்டிய கைகள் வேறு வேறாக இருந்திருக்கக்கூடும்.