காரணம் சொல்லாத கதைகள்

அன்புள்ள ஐயா,

சில மாதங்களாக அறிவியல் புனைவும் ஃபேன்டஸியுமாகவே படித்துக்கொண்டிருக்கிறேன். லியு சிஷினின் 'த்ரீ பாடி பிராப்ளம்' பிரமிக்க வைத்தது. அந்த வேகத்தில் ஸ்தனிஸ்லாவ் லெமின் 'சோலாரிஸ்', ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரெட்' இரண்டையும் எடுத்தேன். இரண்டிலும் ஏமாந்துபோன உணர்வு. சோலாரிஸ் கிரகத்தை மூடியிருக்கும் கடல் ஏன் அப்படிச் செய்கிறது என்று கடைசிவரை சொல்லவே இல்லை. 'கிண்ட்ரெட்'டில் டேனா எப்படிக் காலத்தில் பின்னால் போகிறாள் என்பதற்கு ஒரு வரி விளக்கம்கூடக் கிடையாது. விளக்கம் இல்லாவிட்டால் அது எப்படி அறிவியல் புனைவு? ஃபேன்டஸி என்று பெயர் வைத்துவிட்டால் எதையும் எப்படியும் எழுதலாமா? அடுத்து எதைப் படிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்,

முதலில் 'கிண்ட்ரெட்' வழக்கை முடித்துவிடலாம். 1979இல் வந்த அந்த நாவலில் அறிவியலே இல்லை, அது ஃபேன்டஸிதான் என்று பட்லரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் பெயரைப் பார்த்ததும் நாம்தான் அறிவியல் புனைவு அலமாரியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம்.

ஆனால் உங்கள் ஏமாற்றம் அலமாரியை மாற்றினால் தீருகிற விஷயம் இல்லை. விளக்கம் இல்லை என்கிறீர்கள். சரி, விதி இருக்கிறதா என்று பார்த்தீர்களா? ரூஃபஸ் அடிமைகளை வைத்திருக்கும் ஒரு பண்ணை முதலாளியின் மகன். அவன் உயிருக்கு ஆபத்து வந்தால், 1976இல் வாழும் கறுப்பினப் பெண் டேனா பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் மேரிலாண்டுக்கு இழுக்கப்படுகிறாள். தன் உயிர் போகப்போகிறது என்று அவள் நடுங்கும்போது 1976க்குத் திரும்பி வந்துவிடுகிறாள். இவ்வளவுதான். இந்த ஒற்றை விதியை வைத்துக்கொண்டு பட்லர் என்னவெல்லாம் செய்கிறார் பாருங்கள். முதல் தடவை ரூஃபஸின் அப்பா துப்பாக்கியை நீட்டியதுமே அவள் வீட்டில் இருக்கிறாள். ஈரமும் சேறுமாக. அப்புறம் அந்தப் பண்ணையில் வாழ வாழ, சவுக்கடி வலிக்கும், ஆனால் உயிரை எடுக்காது என்று அவள் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகு அடி அவளை வீட்டுக்கு அனுப்புவதில்லை. பயம் மரத்துப்போகப்போகத் திரும்பும் வழியும் அடைபடுகிறது. ஒரு மனுஷி அடிமை வாழ்க்கைக்குப் பழகிப்போவதை இதைவிடக் கச்சிதமாக எப்படிச் சொல்வது? நடுவில் ஒரு கால இயந்திரத்தை நிறுத்தியிருந்தால் நம் கண் அதன்மேலேயே இருந்திருக்கும். ரிப்பேர் செய்ய முடியுமா, வேறு வருஷத்துக்குத் திருப்ப முடியுமா என்று யோசித்துக்கொண்டிருப்போம். சவுக்கைப் பார்த்திருக்க மாட்டோம்.

பிணத்துக்குள் இருந்துகொண்டு வேதாளம் எப்படிப் பேசுகிறது என்று நாம் யாரும் கேட்டதில்லை. ஆனால் விக்கிரமாதித்தன் வாய் திறந்த பிறகும் அது முருங்கை மரத்துக்குத் திரும்பாமல் தோளிலேயே கிடந்தால், ஏழு வயதுப் பிள்ளைகூட எழுந்து உட்கார்ந்து கேள்வி கேட்கும். வாசகன் கறாராக இருப்பது விதியில்தான். காரணத்தில் அவன் தாராளமாகவே விட்டுக்கொடுக்கிறான்.

இதை உங்களுக்குப் பிடித்த புத்தகத்தை வைத்தே காட்டலாம். 'த்ரீ பாடி பிராப்ளம்' கடைசிப் பகுதியில் வேற்றுக் கிரகவாசிகள் ஒரு புரோட்டானை இரண்டு பரிமாணத்துக்குப் பிரித்து விரிக்கிறார்கள். அதன்மேல் மின்சுற்று பொறிக்கிறார்கள். மறுபடி மடித்துப் பூமிக்கு அனுப்புகிறார்கள். முதல் முயற்சி தவறி ஒற்றைப் பரிமாணமாக விரிந்துபோவதுகூட வருகிறது. அபாரமான பக்கங்கள், எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதில் இயற்பியல் எவ்வளவு? கூடுதல் பரிமாணங்கள் இருக்கலாம் என்ற கோட்பாட்டுப் பேச்சு மட்டும்தான் கடன் வாங்கியது. மீதி முழுக்க ஜாலம். தோற்ற முயற்சிகளையும் சேர்த்துச் சொல்வதால் ஆய்வறிக்கை படிக்கிற நம்பிக்கை நமக்கு வந்துவிடுகிறது. உங்களைக் கவர்ந்தது அந்தக் குரல். 1895இல் 'டைம் மெஷின்' நாவலில் எச். ஜி. வெல்ஸ் செய்ததும் இதுதான். காலம் என்பது நான்காவது பரிமாணம் என்று விருந்தாளிகளிடம் ஒரு சொற்பொழிவு, தந்தமும் படிகமும் வைத்து இழைத்த ஒரு இயந்திரம். நெம்புகோலை அழுத்தினால் காலம் ஏன் நகர வேண்டும்? அதற்கு ஒரு வரியும் இல்லை. ஒரு வித்தையைக் காட்டிவிட்டு மற்ற எல்லாவற்றையும் மனிதத்தன்மையோடும் நிஜமாகவும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1933இல் ஒரு முன்னுரையில் அவரே தொழில் ரகசியத்தைச் சொல்லிவிட்டார்.

இப்போது 'சோலாரிஸ்'. இந்த இடத்தில் நான் உங்களோடு சண்டை போடத்தான் வேண்டும். 1961இல் வந்த அந்த நாவலில் விளக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. நாயகன் கெல்வின் என்ற விஞ்ஞானி, அந்தக் கிரகத்து ஆய்வு நிலையத்தின் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிற அத்தியாயங்களைத் தாண்டிவிட்டீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது (நிறையப் பேர் தாண்டுகிறார்கள்). தலைமுறை தலைமுறையாக விஞ்ஞானிகள் அந்தக் கடலைப் பற்றி எழுதிக் குவித்த நூல்கள் அவை. கடல் எழுப்பும் உருவங்களுக்கு மிமாய்டு, சிமெட்ரியாடு என்று பெயர்கள், வகைப்பாடுகள், ஒன்றை ஒன்று மறுக்கும் கட்சிகள். அத்தனையும் இருக்கிறது, ஒன்றும் கடலைத் தொடவில்லை. அறிவியல் வேலை செய்யும் விதத்தை, அதன் சலிப்பையும் சேர்த்து, இந்த அளவுக்குக் கதைக்குள் கொண்டுவந்த நாவல்கள் குறைவு.

அப்புறம் அந்த உடை. கெல்வினின் மனைவி ஹேரி, எப்போதோ இறந்துபோனவள், அவன் அறையில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் உடையைக் கழற்ற வேண்டியிருக்கிறது. பொத்தான்கள் இருக்கின்றன, எல்லாம் அலங்காரத்துக்கு. திறப்பே இல்லை. கடைசியில் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. கடல் அவளைக் கெல்வினின் நினைவிலிருந்து செய்திருக்கிறது. நினைவில் பொத்தான் இருக்கும், உடை எந்தப் பக்கம் திறக்கும் என்பது இருக்காது. நீங்கள் கேட்ட விளக்கத்தில் பாதியை லெம் அந்தத் துணியிலேயே வைத்துவிட்டார். பிற்பாடு ஒரே மாதிரி வெட்டிய இரண்டு உடைகள் அந்த அறையில் கிடக்கும் இடம் வருகிறது. யாரும் எதுவும் விளக்குவதில்லை. எனக்கு இன்றைக்கும் முதுகு சில்லிடும். மீதிப் பாதி, அதாவது கடல் ஏன் இதைச் செய்கிறது என்பது தெரிந்துவிட்டால், அது நம்மைப் போன்ற இன்னொரு ஆள் ஆகிவிடும். லெமுக்கு அது வேண்டாம்.

ஃபேன்டஸியில் எதையும் எழுதலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: முடியாது. லெ குவினின் 'எர்த்சீ' முதல் நாவலை (1968) புரட்டிப் பாருங்கள். ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரிந்தால்தான் அதன்மேல் மந்திரம் பலிக்கும். எதைச் செய்தாலும் உலகத்தின் சமநிலை எங்கோ ஆடும். வீம்புக்கு ஒரு மந்திரம் போட்ட பையன் அதற்கான கடனைப் புத்தகம் முழுக்கக் கட்டுகிறான்.

அடுத்து என்ன? டெட் சியாங்கின் 'டவர் ஆஃப் பாபிலோன்' படியுங்கள். 1990இல் வந்த கதை, அறிவியல் புனைவுக்கும் ஃபேன்டஸிக்கும் தரப்படும் நெபுலா விருது வாங்கியது. வானம் கூரை மாதிரி கெட்டியாக இருக்கிறது என்று பழைய பாபிலோனியர்கள் நினைத்தபடியே இருக்கும் ஒரு உலகம். அந்தக் கூரையைக் குடைய சுரங்கத் தொழிலாளிகள் கோபுரத்தில் ஏறுகிறார்கள். ஏறிக்கொண்டே போய்ச் சூரியனையும் தாண்டிவிடுகிறார்கள். அதற்குமேல் வெளிச்சம் கீழேயிருந்து வருகிறது. அதனால் கோபுரத்தில் குடியிருப்பவர்கள் மாடப் பலகைகளை இடைவெளி விட்டு எடுத்துவிடுகிறார்கள், செடிகள் வெளிச்சத்தைத் தேடிப் பக்கவாட்டிலும் கீழ்நோக்கியும் வளைந்து வளர்கின்றன. அடிப்படை முழுக்கப் பொய், கணக்கு அத்தனையும் சரி. முடிவைச் சொல்லமாட்டேன். சின்னக் கதைதான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். படித்துவிட்டு அதை எந்த அலமாரியில் வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.