புது மேசைக்குப் பழைய முகம்

கேள்வி: நல்லூரில் அம்மம்மா வீட்டில் நாங்கள் இருந்து படித்த பலா மேசை 1995 இடப்பெயர்வோடு போய்விட்டது. அதே அளவில் பலாவிலேயே இப்போது ஒன்று செய்வித்தேன். ஆசாரியார் வார்னிஷ் அடித்துப் பளபளவென்று கொண்டுவந்து இறக்கிவிட்டார். சாயத் தேத்தண்ணியால் இரண்டு தரம் துடைத்தேன், நிறம் பிடிக்கவில்லை. வீட்டிலேயே பழைய தோற்றம் கொண்டுவரலாமா?
வாசகி, சுன்னாகம்

பதில்: தேத்தண்ணியில் பிழையில்லை, தங்கச்சி. வார்னிஷ் மூடியிருப்பதால் சாயம் மரத்தைத் தொடவேயில்லை. முதலில் மாஸ்க் போட்டுக்கொண்டு அதைத் தேய்த்து எடுங்கள். 80ஆம் நம்பர் சாண்ட் பேப்பரில் தொடங்கி 120, பிறகு 180. நார் ஓடும் பக்கமாகவே தேய்க்க வேண்டும். குறுக்கே இழுத்த கீறல், சாயம் ஏறியதும் கறுப்புக் கோடாய் நிற்கும்.

அடுத்தது தேய்மானம். சங்கிலியால் அடி, ஆணியால் குத்து என்பார்கள். எனக்கு அதில் மனமில்லை. அம்மம்மாவின் மேசையை நினைத்துப் பாருங்கோ, எங்கே தேய்ந்திருந்தது? கை ஊன்றிய முன்விளிம்பு, கால் வைத்த குறுக்குச் சட்டம், லாச்சிப் பிடியைச் சுற்றி, தும்புத்தடி இடித்த கால்களின் அடி. அங்கே மட்டும் மழுக்குங்கள். சுவரோடு நிற்கும் பின்பக்கத்தை விட்டுவிடுங்கள். எல்லா இடமும் ஒரே அளவாய்க் காயப்பட்ட மேசையை யாரும் பழையது என்று நம்பமாட்டார்கள்.

நிறத்துக்கு, மெல்லிய இரும்புத் தும்பை (ஸ்டீல் வூல்) வினாகிரியில் இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு வடியுங்கள். துருப்பிடிக்காத தும்பு சரிவராது, கரையாது. வாயு வெளியேற வேண்டும், போத்தல் மூடியை இறுக்காதீர்கள். மரத்தில் கடும் சாயத் தேத்தண்ணியைப் பூசிக் காயவிட்டு, மேலே இந்த நீரைப் பூசினால் தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து சில நிமிடத்தில் கறுக்கும். பலாவின் மஞ்சளில் அது பச்சை கலந்த கருமையாகவும் தட்டலாம். ஆகவே தண்ணீர் கலந்து ஐதாக்கி, மேசையின் அடிப்பக்கத்தில் முதலில் பூசிப் பாருங்கள்.

நன்றாகக் காய்ந்தபின் லின்சீட் ஒயில் (ஆளிவிதை எண்ணெய்) மெல்லிதாக ஒரு பூச்சு, அது உலர்ந்ததும் தேன்மெழுகு. தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். அது உலராது, காறல் மணம்தான் மிஞ்சும். லின்சீட் ஒயில் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பலா வெளிச்சம் பட்டே மஞ்சளிலிருந்து மண்ணிறத்துக்கு வரும் மரம். அம்மம்மாவின் மேசைக்கு ஒருவரும் சாயம் பூசியிருக்கமாட்டார்கள். அதனால் நீங்கள் விரும்பும் நிறத்துக்கு ஒரு படி குறைவாகவே நிறுத்துங்கள். மிச்சத்தை யன்னல் வெளிச்சம் பார்த்துக்கொள்ளும். முதல் சில மாதம் பூச்சாடியையோ விரிப்பையோ ஒரே இடத்தில் வைத்திருக்காதீர்கள், அந்த இடம் மட்டும் வெளிறி நிற்கும்.